கிரேக்க ஆந்தைகளை நான் கவிழ்த்த கதை

தொடங்கிய சங்கத்தை இரண்டாக உடைக்கும் திறமை உலகத்தில் தமிழனுக்கு மட்டும்தான் உண்டு என்று நீண்ட காலம் நம்பியிருந்தேன். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. மொன்றியலுக்கு வந்து கிரேக்கர்களின் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுக்குள் மாட்டிக்கொண்ட பிறகு அந்தப் பெருமையும் போயிற்று. இந்தக் கலையில் அவர்கள் நமக்கு ஆசிரியர்கள்.

அந்தக் கழகம் எப்படி எழும்பியது, எப்படி விழுந்தது என்று பார்க் எக்ஸ்டென்ஷன் கோப்பிக் கடைகளில் இன்றைக்கும் சில கிழவர்கள் இருந்து கதைப்பார்கள். எழும்பியதற்குப் பலபேரைக் காரணம் சொல்வார்கள். ஒவ்வொருவரும் தன்னையும் அதில் சேர்த்துக்கொள்வார். விழுந்ததற்கு மட்டும் ஒரே ஒருவன்தான் காரணம். அவன் இப்போது ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கி, புல்லு வெட்டிக்கொண்டு, இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறான்.

நான் அப்போது கல்யாணமாகாத பெடியன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் வீட்டில் இன்னும் சில பெடியங்களோடு இருந்தேன். வேலை, ஸ்டாவ்ரோஸ் என்ற கிரேக்கருடைய சாப்பாட்டுக் கடைக் குசினியில். குசினிக்கும் மேசைகள் இருக்கும் மண்டபத்துக்கும் நடுவே சுவரில் சதுரமாக ஒரு துவாரம் இருந்தது. சுட்ட இறைச்சியையும் சோற்றையும் கோப்பையில் அடுக்கி அந்தத் துவாரத்தால் வெளியே தள்ளுவதுதான் என் உத்தியோகம். கோப்பை நிறைந்ததும் ஸ்டாவ்ரோஸ் "எக்ஸோ" என்று கத்துவார். கிரேக்கத்தில் 'வெளியே' என்று அர்த்தம். நான் தள்ளுவேன். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்ட பரிமாறுகிறவன் அதை வாங்கிக்கொண்டு "மெர்சி" என்பான். நான் "பியன்வெனு" என்பேன். (கியூபெக்கில் நன்றிக்கு மறுமொழி அதுதான். 'நல்வரவு' என்று அர்த்தம். சாமானை வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு ஏன் நல்வரவு சொல்கிறார்கள் என்று கேட்கக்கூடாது. அது மொழிப் பிரச்சினையாகிவிடும்.)

இப்படியே வருடக்கணக்காகத் தள்ளினேன். நித்திரையில் தலையணையைத் தள்ளிவிட்டு, நன்றி சொல்ல ஆளில்லாமல் முழித்துப் பார்த்ததும் உண்டு.

ஸ்டாவ்ரோஸுக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று தேசிக்காய், எதற்கும் பிழிவார். மற்றது உதைபந்தாட்டம். அவரும், பக்கத்துத் தெருவில் கேக் கடை வைத்திருந்த அவருடைய மச்சான் தாக்கிஸும் சேர்ந்து ஒரு கழகம் தொடங்கினார்கள். பெயர் 'குக்குவாயா'. கிரேக்கத்தில் ஆந்தை. எங்கள் பக்கத்தில் ஆந்தை கூரையில் வந்து இருந்தாலே சாவு வரப்போகிறதென்று அப்புக்காத்தைக் கூப்பிட்டு உறுதி எழுதத் தொடங்கிவிடுவார்கள். கிரேக்கருக்கோ அது அறிவின் அடையாளம்.

"தமிழில இதைக் கூகை எண்டு சொல்லுவம்," என்று ஒரு நாள் வெங்காயம் வெட்டியபடி ஸ்டாவ்ரோஸிடம் சொன்னேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "பார்த்தியா? உங்கட பாஷையும் எங்களிட்ட இருந்துதான் வந்தது." (அவர் பேசியது பாதிப் பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், கோபம் வந்தால் முழுக் கிரேக்கம். என் நினைவில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது.)

என் அறைத் தோழன் ஒருவன், கிரேக்கமே தமிழிலிருந்து பிரிந்ததுதான் என்று யாரையும் எழும்பவிடாமல் பிடித்து வைத்து நிறுவக்கூடியவன். இவர்கள் இரண்டுபேரும் கடைசிவரை சந்திக்காமல் பார்த்துக்கொண்டதுதான் மொன்றியல் நகரத்தின் அமைதிக்கு நான் செய்த ஒரே தொண்டு.

என் பெயர் குகன். "பேரிலேயே எங்கட பறவை இருக்கு" என்று சொல்லி ஸ்டாவ்ரோஸ் என்னையும் கழகத்தில் சேர்த்தார். சேர்த்தார் என்றால், கடையின் கீழ்த்தளத்தில் இருந்த உடுப்புத் தோய்க்கும் மெஷினில் அணியின் ஜேர்சிகளைத் தோய்க்கும் பொறுப்பைத் தந்தார். இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொண்டுபோவதும் நான்தான். ஆட்கள் போதாமல், மேலதிக ஆட்டக்காரன் என்று என் பெயரையும் பதிந்து வைத்தார்கள். ஊரில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நான் பந்தைத் தொட்டது பெரும்பாலும் அது வேலிக்கு வெளியே போய் விழுந்த நேரங்களில்தான்.

கழகம் எழும்பியது உண்மையிலேயே ஒரு அதிசயம். மின்சார வேலை செய்கிற ஒருவன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒருவன், முடி வெட்டுகிற ஒருவன், சில மாணவர்கள், எல்லாரும் பார்க் எக்ஸ்டென்ஷனில் பிறந்து வளர்ந்த கிரேக்கப் பெடியங்கள். பூங்காவில் நாய் கொண்டுவருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பயிற்சி எடுத்தார்கள். முதலில் தோற்காமல் இருந்தார்கள். பிறகு வெல்லத் தொடங்கினார்கள். ஒரு பிரிவிலிருந்து மேல் பிரிவுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் இருக்க இடமில்லை. கிரேக்கக் கோவில் பாதிரியார் வந்து பந்துக்குத் தீர்த்தம் தெளித்தார். என்னுடைய தோடம்பழத்துக்கும் கொஞ்சம் தெளித்தார்.

வெற்றி வந்ததும் பின்னாலேயே நிர்வாகசபை வந்தது. தோற்ற காலத்தில் கழகத்துக்கு ஒரு பம்பு மட்டும்தான் இருந்தது. இப்போது தலைவர் ஸ்டாவ்ரோஸ், உபதலைவர் தாக்கிஸ், செயலாளர், பொருளாளர், ஆலோசகர், அந்த ஆலோசகருக்குப் பிடிக்காத இன்னொரு ஆலோசகர். மைதானத்தில் ஓடுகிறவர்களைவிடக் கரையில் கோட் போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் கூடிவிட்டார்கள். எனக்கு ஊர்ச் சங்கத்துக் கூட்டத்தில் இருப்பதுபோலச் சுகமாக இருந்தது.

பிளவு ஜேர்சியில் தொடங்கியது. நெஞ்சில் ஸ்டாவ்ரோஸின் சாப்பாட்டுக் கடைப் பெயர், முதுகில் தாக்கிஸின் கேக் கடைப் பெயர் என்பது ஏற்பாடு. ஆலோசகர்களில் ஒருவர் தாக்கிஸின் காதில், முதுகு என்றால் அவமானம் என்று ஓதிவிட்டார்.

"முன்னுக்கு ஓடுற அணியைப் பார்க்கிற சனம் முதுகைத்தானே பார்க்கும், அது நல்ல இடம்," என்று ஸ்டாவ்ரோஸ் சமாதானம் சொன்னார்.

"அப்ப நீ முதுகுக்குப் போ," என்றார் தாக்கிஸ்.

அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. ஆட்டக்காரர்களும் நெஞ்சுக் கட்சி, முதுகுக் கட்சி என்று பிரிந்தார்கள். ஒரு கட்சிக்காரன் மற்றக் கட்சிக்காரனுக்குப் பந்து கொடுக்கமாட்டான். அப்படியிருந்தும் அந்த வருடம் அணி இறுதிப் போட்டிவரை போனது. எதிரணிகள் எவ்வளவு மோசமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பேசியவர் பரமேஸ் அக்கா. சம்பந்தம் பேசுவது அவவுக்குத் தொழிலில்லை, மருந்தில்லாத வருத்தம். பெண்ணின் பெயர் யசோ. ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் மருந்துக் கடையில் வேலை. தகப்பன் கனகசபை, ஊரில் வாத்தியாராக இருந்தவர், அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பார்.

பரமேஸ் அக்கா ரெலிபோனில் சொன்னா: "தம்பி, நீர் இஞ்ச பெரிய கிளப் ஒண்டில உதைபந்தாடுறனீர் எண்டு சொல்லியிருக்கிறன். அவையள் உம்மட ஆட்டத்தைப் பார்க்க வருகினம்."

"அக்கா, நான் ஜேர்சி தோய்க்கிறனான்."

"தோய்க்கிறதைக் கலியாணத்துக்குப் பிறகு சொல்லும். அப்ப அது நல்ல குணம். இப்ப சொன்னா உத்தியோகம் எண்டு நினைப்பினம்."

கரையில் ஜேர்சியோடு நின்றாலே போதும், தூரத்தில் நிற்கிறவர்களுக்கு யார் ஆடினார், யார் தோடம்பழம் கொடுத்தார் என்று எங்கே தெரியப்போகிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இருந்தாலும் முதல்நாள் என் ஜேர்சியை மட்டும் இரண்டாம் தரமும் தோய்த்தேன்.

போட்டி லவாலில் ஒரு மைதானத்தில். இலை உதிர்கிற காலத்துக் குளிர். நான் தோடம்பழப் பெட்டியோடு போய் இறங்கினபோது வாகனத் தரிப்பிடத்தில் நிர்வாகசபை அவசரக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தது. பிரச்சினை இதுதான். அணியின் கோல் காப்பவன் ஸ்டாவ்ரோஸின் அக்கா மகன், நெஞ்சுக் கட்சி. அவன் நின்றால் நாங்கள் இறங்கமாட்டோம் என்று முதுகுக் கட்சி சொல்லிவிட்டது. அவர்களிடம் சொந்தமாக ஒரு ஆள் இருந்தான், தாக்கிஸின் மருமகன். அவன் நின்றால் இவர்கள் இறங்கமாட்டார்கள். நடுவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த இரண்டாவது ஆலோசகர் என்னைக் கண்டார். பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னார்: "நடுநிலை."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு கட்சியிலும் இல்லாதவன், கிரேக்கனே இல்லாதவன், ஆகவே இருபகுதியாரும் நம்பக்கூடியவன். அந்தக் காலத்தில் எங்கள் நாட்டுப் பிரச்சினைக்குள் நோர்வே வந்து நின்றதே, அந்த மாதிரி. நோர்வேக்காவது மாட்டேன் என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

"ஸ்டாவ்ரோஸ், எனக்கு விளையாடத் தெரியாது," என்றேன்.

"உனக்குப் பந்து வராது," என்றார் அவர். "நீ சும்மா நில்."

தாக்கிஸ் பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக அவர் சொன்னதை ஆமோதித்துத் தலையாட்டினார். அதைக் கண்டு எனக்கே மனம் இளகிவிட்டது. கையுறை போட்டுவிட்டார்கள். அது எனக்குப் பெரிது. இறைச்சிச் சட்டி தூக்குகிற துணிபோல இருந்தது.

மைதானத்துக்குள் போகும்போது கரையில் பரமேஸ் அக்காவைக் கண்டேன். பக்கத்தில் கனகசபையரும் மனைவியும், நீலக் கோட் போட்ட ஒரு பெண்ணும். பாலத்தில் எந்தக் காலத்திலும் நடக்கிற திருத்தவேலையில் மாட்டுப்பட்டு, புரோசார்ட்டிலிருந்து பற்றீஸ் பெட்டியோடும் தேத்தண்ணிப் போத்தலோடும் வந்து சேர்ந்திருந்தார்கள். பரமேஸ் அக்கா என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னா. கோல் கம்பங்களுக்கு நடுவில் நான் நிற்பதைக் கண்டு அவவே திகைத்துப்போனதைத் தூரத்திலிருந்தும் பார்த்தேன். தன் பொய் ஒன்று கண்ணுக்கு முன்னால் உண்மையாவதை வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டிருப்பா.

ஸ்டாவ்ரோஸ் சொன்னது சரி. பந்து வரவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரோடொருவர் கோபத்தில் இருந்ததால், யாருக்கும் கொடுக்காமல் தனித்தனியே பந்தைக் கொண்டு ஓடினார்கள். அதை எதிரணி எதிர்பார்க்கவில்லை. முடி வெட்டுகிறவன் இடைவேளைக்கு முன்னமே ஒரு கோல் போட்டான். இரண்டு கட்சியும் தனித்தனியாகக் கைதட்டியது. நான் கம்பங்களுக்கு நடுவில் குளிருக்குத் துள்ளிக்கொண்டு நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் உற்சாகம்போல இருந்திருக்கும்.

ஆட்டம் முடிகிற நேரம். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கிண்ணம் எங்களுக்கு. அப்போது எதிரணிக்காரன் ஒருவன் மைதானத்தின் நடுவிலிருந்து களைப்போடு ஒரு உதை உதைத்தான். பந்து உயர எழும்பி, காற்றில் ஆடி, வழி கேட்டு வருகிற ஆள்போல மெதுவாக என்னிடம் வந்தது. நான் கையை நீட்டினேன். பிடித்துவிட்டேன்.

என் வாழ்க்கையில் நான் பிடித்த முதல் பந்து அது. கரையில் கைதட்டல் கேட்டது. நீலக் கோட்டும் தட்டியது. கனகசபையர் தட்டவில்லை, ஆனால் தலையை ஒருதரம் அசைத்தார். இந்தச் சம்பந்தம் முற்றாகிவிட்டது என்று எனக்கே தோன்றியது. பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பந்தைத் தூர உதைத்து அனுப்பவேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்கும், ஒரு கணம் விட்டிருந்தால். விடவில்லை. கரையின் ஒரு பக்கத்திலிருந்து ஸ்டாவ்ரோஸ் கத்தினார்: "எக்ஸோ!"

மற்றப் பக்கத்திலிருந்து தாக்கிஸும் அதையே கத்தினார். அந்த வருடம் முழுவதிலும் அவர்கள் வாயால் ஒத்துப்போன ஒரே சொல் அதுதான்.

என் கைகள் என்னைக் கேட்கவில்லை. நெஞ்சு உயரத்தில், ஒரு சொட்டும் சிந்தாமல், இரண்டு கையாலும் அந்தப் பந்தை நேர் முன்னால் தள்ளின. முன்னால் ஒருவன் நின்றான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. எதிரணியின் முன்வரிசைக்காரன்.

அவன் பாவம், நல்ல வளர்ப்பு. பந்தை வாங்கிக் காலடியில் போட்டான். என் முகத்தைப் பார்த்தான். இது ஏதாவது புதிய விதியோ என்று நடுவரைப் பார்த்தான். நடுவர் தோளைக் குலுக்கினார்.

"மெர்சி," என்றான் அவன்.

"பியன்வெனு," என்றேன் நான்.

அவன் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய் கோலுக்குள் பந்தைத் தட்டிவிட்டான். ஓடக்கூட இல்லை.

பிறகு ஸ்டாவ்ரோஸ் எனக்கு ஏசுவதற்காக மைதானத்துக்குள் வந்தார். "என்ர கடை ஆளை நீ எப்பிடி ஏசுவாய்" என்று தாக்கிஸுக்குக் கேட்க உரிமையில்லை, நான் அவருடைய கடை ஆளில்லை. ஆனாலும் ஸ்டாவ்ரோஸ் எதைச் செய்தாலும் எதிர்ப்பது என்று அவர் முடிவெடுத்திருந்தபடியால் அவரும் உள்ளே வந்தார். செயலாளர் வந்தார். பொருளாளர் வந்தார். ஆலோசகர்கள் இருவரும் ஒருவர் கோட்டை ஒருவர் பிடித்துக்கொண்டே வந்தார்கள். நடுவர் விசில் ஊதி ஊதிக் களைத்து, கடைசியில் பொருளாளருக்குச் சிவப்பு அட்டை காட்டினார். அந்த மனிசன் தன் வாழ்க்கையில் பந்தை உதைத்ததே கிடையாது. நிர்வாகசபை வெளியேற மறுத்ததால் ஆட்டம் நிறுத்தப்பட்டது. கிண்ணத்தை வெள்ளைச் சட்டைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

என்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் கையுறையைக் கழற்றாமல் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றேன். ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அகதி வழக்கில் ஊருக்குப் போகப் பயம் என்று சொல்லி ஜெயித்தவன். மொன்றியலில் இருக்கப் பயம் என்று யாரிடம் சொல்வது?

நீலக் கோட் பற்றீஸ் பெட்டியோடு வந்தது. பின்னால் சற்றுத் தள்ளி தாயும் பரமேஸ் அக்காவும்.

"சாப்பிடுங்கோ," என்றாள் யசோ.

எடுத்தேன். கையுறையோடேயே எடுத்தேன்.

"உங்களுக்கு அவரை முதலே தெரியுமோ?"

"ஆரை?"

"அந்த வெள்ளைச் சட்டைக்காரரை."

"இல்லை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஏன் குடுத்தனீங்கள்?"

குசினி, துவாரம், கோப்பை என்று ஏதோ சொல்லத் தொடங்கி, இன்னும் மோசமாகப் போகிறது என்று விளங்கி நிறுத்தினேன். அவள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்ததைக் கண்டேன். கனகசபையர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். சரி, இந்தச் சம்பந்தம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடிந்தது கழகம்தான். அடுத்த வருடம் 'குக்குவாயா' என்று ஒன்றும் 'அசல் குக்குவாயா' என்று இன்னொன்றும் இயங்கின. இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகசபை, தனித்தனி ஆண்டுவிழா, ஒரே படம். அந்தப் பழைய அணிப் படத்தில் மற்றக் கட்சிக்காரரின் முகங்களுக்கு மேல் ஒட்டு நாடா ஒட்டியிருந்தார்கள். ஆட்டக்காரப் பெடியங்களுக்கு இந்தச் சண்டை அலுத்துவிட்டது. ஒவ்வொருவராகக் கல்யாணம் செய்து, லவாலில் வீடு வாங்கி, பிள்ளையைக் கார்டெரி என்கிற காப்பகத்தில் விடுவதும் எடுப்பதுமாகப் போனார்கள். இடத்தை நிரப்ப எங்கள் பெடியங்களும் வங்காளிகளும் பஞ்சாபிகளும் வந்தார்கள். கடைசி வருடம் இரண்டு கழகத்திலும் சேர்த்துக் கிரேக்கர் என்று மிஞ்சியது தலைவர்கள் இருவரும்தான். அவர்களும் சந்தித்தால் கதைக்கமாட்டார்கள். பிறகு ஒரு வசந்தகாலத்தில் யாரும் பந்துக்குக் காற்றடிக்கவில்லை. அவ்வளவுதான்.

எனக்கோ, போட்டி நடந்த அடுத்த கிழமையே பரமேஸ் அக்காவிடமிருந்து ரெலிபோன் வந்தது. "அவையளுக்கு முழுச் சம்மதம். தேப்பனே பிடிவாதமா நிக்கிறார், இந்தப் பெடியன்தான் வேணுமாம்."

நான் உப்பிப் போனேன். தோல்வியிலும் தலைநிமிர்ந்து நின்ற என் பண்பை அந்த வாத்தியார் கண்டிருக்கிறார் என்று அறைத் தோழர்களிடம் சொன்னேன். கல்யாணத்துக்கு ஸ்டாவ்ரோஸும் தாக்கிஸும் வந்தார்கள். மண்டபத்தின் இரண்டு தொங்கலிலும் எட்ட எட்ட இருந்தவர்கள், பாயாசம் வந்த நேரம் எப்படியோ ஒரு மேசைக்கு வந்துவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். இருவரும் மாறி மாறி, இரண்டு கையாலும் எதையோ முன்னால் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிழை முழுவதும் என்னுடையது என்ற ஒரு தீர்மானத்தில் இரண்டு கழகமும் ஒன்றுபட்டது அன்றைக்குத்தான். யசோவின் தம்பி தங்கைகள் அந்த மேசையில் இருந்து கதை முழுவதையும் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நான் அந்தக் குடும்பத்தில் 'மெர்சி அத்தான்'.

உண்மைக் காரணம் எனக்கு மகளின் முதலாவது பிறந்தநாளில்தான் தெரியவந்தது. அன்றைக்கு மாமா, அதாவது கனகசபையர், வழமைக்கு மாறாகக் கொஞ்சம் விஸ்கி எடுத்திருந்தார். ஸ்டாவ்ரோஸ் பக்கத்தில் இருந்து, அந்த ஆட்டத்துக்குப் பிறகும் எப்படி ஐயா பெண் கொடுத்தீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

மாமா நிதானமாகச் சொன்னார்: "அதுக்கு முதல் வந்த சம்பந்தக்காரர் எல்லாரும் சீதனத்தில நிண்டவை. நான் அண்டைக்கு மைதானத்திலேயே முடிவெடுத்திட்டன். கையில வந்த பந்தையே வச்சிருக்கத் தெரியாத பெடியன். இவன் சீதனம் எண்டு வாய் திறப்பானோ?"

ஸ்டாவ்ரோஸ் என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்க்கச் சொல்லி மாமாவும் என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். சீதனத்துக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியாமல் தடுமாறி, பெண்ணோடு வரும் வீடு, நகை என்று விளக்கினேன். ஸ்டாவ்ரோஸ் "ப்ரீக்கா" என்றார். அவர்களிடமும் இருந்திருக்கிறது. பிறகு எழும்பிப் போய் மாமாவின் கையைப் பிடித்து, நீண்ட நேரம் குலுக்கினார்.

இப்போது எங்கள் பகுதியில் எந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் வந்தாலும் மாமாவிடம் ஒரு சொல் கேட்பார்கள். போன மாதம் யசோவின் சித்தி மகளுக்கு ஒரு இடம் வந்தது. பெடியன் பொறியியலாளர், நல்ல உயரம், நல்ல குடும்பம் என்று பரமேஸ் அக்கா மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனா. மாமா கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"பந்து பிடிப்பானோ?" என்றார்.

"ஓம், ஓம். பல்கலைக்கழக அணிக்கே அவர்தானாம் கோலி. ஒண்டும் தப்பாதாம்," என்றா பரமேஸ் அக்கா பெருமையோடு.

அந்த இடத்தை அத்தோடு விட்டுவிட்டார்கள்.